அதே வாய்க்கால்தான், மாதம் வேறு

கேள்வி: நான்கு வருடமாகத் திருவாரூர் பக்கம் கல்யாணப் படம் எடுக்கிறேன். ஜோடியை அவுட்டோருக்கு அழைத்துப் போனால் தரங்கம்பாடிக் கோட்டை, கல்லணை, மகாமகக் குளம் என்று அதே மூன்று நான்கு இடங்கள்தான். என் ஆல்பமும் பக்கத்து ஸ்டூடியோ ஆல்பமும் ஒன்றுபோல இருக்கின்றன. ஜோடிகளோ போனில் ஊட்டியைக் காட்டி, ‘இந்த மாதிரி வேணும்’ என்கிறார்கள். அலைந்து ஒரு புது இடம் பிடித்து ரீல்ஸ் போட்டால், அடுத்த வாரம் நான்கு பேர் அங்கே லைட் ஸ்டாண்டோடு நிற்கிறார்கள். வரும் தையில் ஒரு கல்யாணம். பெண்ணுக்கு நீடாமங்கலம் பக்கம், மாப்பிள்ளைக்குப் பட்டுக்கோட்டை பக்கம். எங்கே அழைத்துப் போகலாம்?

பதில்:

தம்பி, உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு என் பழைய ஹார்டு டிஸ்க்கைத் திறந்து பார்த்தேன். கும்பகோணத்தில் கடை போட்டு 22 வருடம் ஆகிறது. முதல் ஏழெட்டு வருடத்து அவுட்டோர் படங்களில் முகத்தை மறைத்துவிட்டால் எது யார் ஆல்பம் என்று எனக்கே தெரியாது. எல்லா ஜோடியும் அதே கோட்டைச் சுவரில் சாய்ந்து அதே கடலைப் பார்க்கிறது. அதனால் இந்த நோய் உங்களுக்கு மட்டும் வந்ததல்ல.

நமக்கு மலையும் கிடையாது, அருவியும் கிடையாது. இருப்பதெல்லாம் ஆறு, வாய்க்கால், வயல். ஆனால் தேயிலைத் தோட்டம் பங்குனியிலும் பச்சை, ஐப்பசியிலும் பச்சை. நம் வயல் அப்படியா இருக்கிறது? நாற்றங்கால், தண்ணீர் கட்டிய சேறு, நடவு, கதிர், அறுத்த தாள், உளுந்து, வெடித்த மண் என்று ஒரே துண்டு நிலம் வருடத்துக்கு ஏழு வேஷம் போடுகிறது. நீங்கள் புது இடம் தேடுகிறீர்கள். என்னைக் கேட்டால், உங்கள் கடையிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் எந்த வயல் எந்த வாரம் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டால் போதும். இடம் தானாக வரும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு ஐப்பசியில் வலங்கைமான் பக்கம் போய்க்கொண்டிருந்தபோது, பரம்படித்து, அதாவது சேற்றைப் பலகையால் சமன்செய்து, தண்ணீர் கட்டியிருந்த வயல் ஒன்றைப் பார்த்தேன். காற்றே இல்லை. முழு வானமும் வயலுக்குள் கிடந்தது. கரையில் இருந்த இரண்டு பனையும் தலைகீழாக நின்றன. போனில் எடுத்து அன்று இரவே ஜோடிக்கு அனுப்பி, வரும் ஞாயிறு இங்கேதான் என்று சொல்லிவிட்டேன். ஆறாம் நாள் ஜோடியோடு போய் நின்றால் நடவு முடிந்து வயல் முழுக்க நாற்று. கண்ணாடியும் இல்லை, வானமும் இல்லை. வயல்காரர் வரப்பில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டே கேட்டார்: “நீங்க வருவீங்கன்னு நாத்து காத்துக்கிட்டா இருக்கும்?” மாப்பிள்ளை சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. பரம்படித்த வயல் கண்ணாடியாக இருப்பது இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று நாள். அதிலும் காற்று எழும்புவதற்கு முன், காலை ஏழு மணிக்குள். இப்போதெல்லாம் நடவு எப்போது என்று கேட்காமல் நான் தேதி கொடுப்பதில்லை.

ஆடி, புரட்டாசி, மார்கழியில் நமக்கு வேலை குறைவு. கல்யாண மாதங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வைகாசி, ஆனியில் ஆறு பெரும்பாலும் மணலாகக் கிடக்கும். ஜோடிகள் முகம் சுளிப்பார்கள். ஆனால் பாபநாசம், கும்பகோணம் பக்கம் போர்வெல் வைத்திருப்பவர்கள் ஆற்றுத் தண்ணீருக்குக் காத்திராமல் குறுவை போட்டுவிடுவார்கள். சுற்றிலும் காய்ந்து கிடக்கும்போது நடுவில் ஒரு துண்டு மட்டும் கிளிப்பச்சையாக இருக்கும். அதைத் தேடிப் பிடியுங்கள். திருவாரூர் பக்கம் பருத்தி இருக்கும். ஆனியில் இன்னொரு காட்சியும் உண்டு, காய்ந்த வாய்க்காலில் முதல் தண்ணீர் வருவது. மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறந்தால் கல்லணைக்கு வர மூன்று நான்கு நாள், கடைமடைக்கு இன்னும் ஒரு வாரம் பத்து நாள் ஆகும். சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு பழுப்பாக ஊர்ந்து வரும் அந்தத் தண்ணீருக்கு முன்னால் நின்று எடுத்த ஒரு ஜோடிப் படத்தை இன்றைக்கும் கடையில் மாட்டியிருக்கிறேன். ஆனால் தேதியை நம்பி அட்வான்ஸ் வாங்கிவிடாதீர்கள். 2024-இல் ஜூலை 28-ஆம் தேதிதான் திறந்தார்கள். அந்த வருடம் என் ஆனி மாதத் திட்டம் அத்தனையும் மணலோடு போயிற்று.

ஆவணியில் குறுவைக் கதிர். ஐப்பசியில் நாணல். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஆற்றுக்கரையிலும் திட்டுகளிலும் நாணல் பூத்து ஆள் உயரத்துக்கு வெள்ளையாக நிற்கும். நேர் வெளிச்சத்தில் பார்த்தால் அழுக்குப் பஞ்சு மாதிரி இருக்கும், ஏமாந்து திரும்பிவிடாதீர்கள். சாயங்காலம் ஐந்து மணிக்குமேல் சூரியன் பூவுக்குப் பின்னால் இருக்கும்படி நின்று பாருங்கள். ஒவ்வொரு பூவுக்கும் விளிம்பில் திரி ஏற்றியது போல ஆகிவிடும். 135 எம்எம் லென்ஸ் இருந்தால் இருபதடி பின்னால் போய் எடுங்கள். நாலு புதர் நாணல் நானூறு புதர் போலத் தெரியும். கரையோரப் புதரே போதும், திட்டுக்குப் போக ஆற்றில் இறங்க வேண்டாம். அந்த மாதத்தில் மேலே எங்கே மழை பெய்தாலும் இங்கே தண்ணீர் ஏறும். கொள்ளிடத்தில் மணல் அள்ளிய பள்ளங்கள் தண்ணீருக்கடியில் தெரியவே தெரியாது. பட்டுப்புடவை நனைந்தால் என்ன எடை வரும் என்று தூக்கிப் பார்த்திருக்கிறீர்களா?

கார்த்திகை மழை. குடையும் திண்ணையும்தான்.

மாசியை யாரும் மதிப்பதில்லை, எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான். சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாலேயே கதிருக்குள் உளுந்தையும் பயறையும் தெளித்துவிடுவார்கள். அறுவடை முடிந்து கொஞ்ச நாளில் மஞ்சள் தாளுக்கு நடுவே குட்டிக் குட்டிப் பச்சையாக அது எழும்பும். தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு சமுக்காளம். முழங்கால் உயரம்கூட இல்லாததால் ஜோடி முழுசாகத் தெரிவார்கள், புடவைக் கரையும் மறையாது. பங்குனியில் புங்கமரத்தடி. தளிர் பளபளவென்று இருக்கும், பூ பொரி கொட்டினது போலத் தரை முழுக்க உதிர்ந்து கிடக்கும். இதற்கு எந்த ஊருக்கும் போக வேண்டாம், தாலுகா ஆபீஸ் வாசலில்கூட ஒரு புங்கமரம் இருக்கும்.

அடுத்தது திசை. நம் ஆறுகள் பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே போகின்றன. அப்படிப் போகும் ஆற்றின் பாலத்தில் சாயங்காலம் மேற்கே பார்த்து நின்றால் ஆறே வெளிச்சப் பாதையாகிவிடும். ஆனால் சூரியன் ஆற்றுக்கு நேராக இறங்குவது பங்குனி முதல் வாரத்திலும் புரட்டாசி முதல் வாரத்திலும்தான். தையில் இடப்பக்கம், தென்கரை மரங்களுக்குப் பின்னால் போய்விடும். ஆனியில் வலப்பக்கம். பாலத்தில் நின்று ஒரு முறை பார்த்துவிட்டு ‘இங்கே சன்செட் சரியில்லை’ என்று எழுதிவைத்துவிடாதீர்கள், மாதத்தையும் சேர்த்து எழுதுங்கள். இன்னொன்று, நம் பக்கம் சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக இறங்குகிறது. வெளிநாட்டுக்காரர் வீடியோவில் பொன் வெளிச்சம் ஒரு மணி நேரம் நிற்கும். நமக்கு நல்லதாகக் கிடைப்பது அரை மணி. ஒரு சாயங்காலத்தில் ஒரே இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று லொகேஷன் என்று பேக்கேஜில் போட்டுக் காரிலேயே வெளிச்சத்தைத் தொலைக்கிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

நடுப்பகலில் எடுத்தாக வேண்டுமென்றால் தென்கரைப் படித்துறைக்குப் போங்கள். ஆற்றின் தென்கரையில் இருக்கும் படித்துறை வடக்கே பார்த்து இறங்கும். பின்னால் மண்டபச் சுவரோ அரசமரமோ இருந்தால் ஐப்பசியிலிருந்து மாசிவரை படியில் வெயில் அவ்வளவாக விழாது. எதிரே திறந்த வானம், முகத்தில் மெத்தென்ற வெளிச்சம். ஸ்டூடியோவில் சாஃப்ட்பாக்ஸ் வைத்துக் கொண்டுவருவதை ஆறு சும்மா கொடுக்கிறது. சித்திரை முதல் வாரத்திலிருந்து ஆவணி முதல் வாரம் வரை உச்சி வெயில் வடக்கே சாய்ந்து வருவதால் இந்தக் கணக்கு மாறிவிடும். கிழமேற்காக ஓடும் அக்ரகாரத் தெருக்களில் வடக்கு பார்த்த திண்ணைக்கும் இதே கணக்குதான். பெயர் பெற்ற படித்துறைக்கே போக வேண்டும் என்பதில்லை. திருவையாற்றிலிருந்து மயிலாடுதுறை வரை ஒவ்வொரு ஊரிலும் யாரும் படம் எடுக்காத படித்துறை ஒன்று ஆலமரத்தடியில் தூங்கிக்கொண்டிருக்கிறது. கொஞ்சம் குப்பை இருக்கும். ஒரு துடைப்பம் கொண்டுபோங்கள்.

கொடிக்கால் பக்கம் போயிருக்கிறீர்களா? ராஜகிரி, ஆவூர் பக்கம் அகத்தியில் வெற்றிலைக்கொடி ஏற்றி நெருக்கமாக வரிசை கட்டி நிற்கும். வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே போனால் பச்சை வெளிச்சமும் ஈர மண் வாசனையும்தான். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் போக வேண்டும், ஜோடிக்கும் உங்களுக்கும் அதே விதி. அழகு என்று சொல்லிவிட்டேன், சிக்கலையும் சொல்கிறேன். அந்தப் பச்சை முகத்திலும் ஏறும். கேமரா தானாக நிறம் சரிசெய்யும் ஆட்டோ வொயிட் பேலன்ஸை நம்பினால் மணப்பெண் மஞ்சள்காமாலை கண்டவள் மாதிரி வருவாள். உள்ளே போனதும் நிறத்தைச் சரிபார்க்க முகத்தருகே கிரே கார்டு என்கிற சாம்பல் அட்டையைப் பிடித்து ஒரு படம் எடுங்கள், நிறச் சாயலை (டின்ட்) மெஜந்தா பக்கம் கொஞ்சம் தள்ளுங்கள், உதவியாளர் கையில் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் கொடுத்து முகத்துக்குக் கீழே பிடிக்கச் சொல்லுங்கள். புடவை அரக்கோ மாம்பழ மஞ்சளோ இருக்கட்டும். ஒரு பெண் ஆசையாகக் கிளிப்பச்சைப் பட்டு கட்டி வந்துவிட்டது. முகமும் இரண்டு கையும் மட்டும் கொடிக்காலில் மிதக்கிற மாதிரி ஒரு ஆல்பம் கொடுத்தேன்.

இவ்வளவும் நீங்கள் தேடிப் பிடிக்கிற இடங்கள். இதைவிட நல்ல இடங்கள் ஜோடியின் வாயில் இருக்கின்றன. ‘எங்கே எடுக்கலாம்?’ என்று கேட்டால் ஊட்டி என்றுதான் சொல்வார்கள், அவர்கள் மேல் தப்பில்லை. ‘சின்ன வயசில் லீவுக்கு எங்கே போவீங்க? சைக்கிள் எங்கே ஓட்டக் கத்துக்கிட்டீங்க?’ என்று கேளுங்கள். அப்படிக் கேட்டபோது ஒரு பெண், “தாத்தாவோட ரைஸ் மில்லு களத்துலதான் ஓட்டுவேன். ஆனா அது இப்ப ரொம்பப் பழசு அங்கிள்” என்று தயங்கியது. போய்ப் பார்த்தேன். அவித்த நெல் காய்கிற சிமெண்ட் களம், கால் வைத்துக் கோதிவிட்ட கோடு கோடான நெல், பின்னால் கரி படிந்த புகைபோக்கி. உள்ளே தகரக் கூரையில் ஆணி ஓட்டைகள். ஒவ்வொரு ஓட்டையிலிருந்தும் ஒரு வெளிச்சக் கம்பி இறங்கி, தவிட்டுத் தூசியில் அப்படியே கையால் பிடித்துவிடலாம் போல நின்றது. அந்தக் கம்பிகளுக்கு நடுவே இரண்டு பேரையும் நிறுத்தி, முகத்துக்கு வெளிச்சம் வைத்து, தூசி கறுப்பில் தெரியும்படி வெளிச்ச அளவை ஒன்றரை ஸ்டாப் குறைத்து எடுத்தேன். ஆல்பம் கொடுத்த அன்று தாத்தா தன் பேத்தியைவிடக் கூரையைத்தான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இடத்தை யார் காப்பி அடிக்க முடியும்? போய் நிற்கலாம், ஆனால் அது அவர்கள் தாத்தா மில் இல்லையே.

இடம் பார்க்கப் போகும்போது கேமராவை வீட்டில் வையுங்கள். வாரத்தில் ஒரு காலை, ஸ்கூட்டி, போன், ஒரு நோட்டு. கேமரா தோளில் இருந்தால் கூட்டம் சேரும், வயல்காரரும் நம்மை ஏதோ நிலம் அளக்க வந்தவர்போலப் பார்ப்பார். நோட்டில் இடத்தின் பெயரைவிட முக்கியமானவை வேறு: எந்தக் கரை, எந்தத் திசைப் பார்வை, கார் எவ்வளவு தூரத்தில் நிற்கும், வயல் யாருடையது, பெண் புடவை மாற்ற எந்த வீடு. கடைசியாகச் சொன்னதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். எவ்வளவு அழகான இடமாக இருந்தாலும் புடவை மாற்றவும் பாத்ரூம் போகவும் ஒரு வீடு இல்லையென்றால் நான் அந்த இடத்தை நோட்டிலிருந்து அடித்துவிடுவேன். அவஸ்தையில் இருக்கும் பெண் முகத்தில் எந்த லென்ஸ் போட்டும் சிரிப்பு வராது. பக்கத்து வீட்டு அக்காவிடம் முதல் நாளே போய்ச் சொல்லிவிட்டு வந்தால் காபியே கிடைக்கும்.

வயல்காரரிடமும் முதல் நாளே கேளுங்கள். நாற்றங்காலில் காலே வைக்கக் கூடாது. கதிர் வயலுக்குள் ஜோடியைப் படுக்கவைத்து மேலிருந்து எடுக்கும் மோகம் ஒன்று இப்போது இருக்கிறது. சாய்ந்த நெல்லை மிஷின் சரியாக அறுக்காது. நம்முடைய ஒரு படத்துக்காக அவர் ஒரு குழி நெல்லை இழக்க வேண்டுமா? வரப்பில் நிறுத்தி, நீங்கள் வாய்க்காலுக்குள் இறங்கித் தாழ எடுத்தால் கதிர் இடுப்பளவுக்கு வந்துவிடும். வேலை முடிந்ததும் வயல்காரரையும் அவர் வீட்டம்மாவையும் நிறுத்தி ஒரு படம் எடுத்து, ஃபிரேம் போட்டுக் கொடுங்கள். அடுத்த வருடம் அவரே போன் பண்ணுவார், “தம்பி, பரம்படிச்சாச்சு, வர்றீங்களா?” என்று.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தாராசுரம், கங்கைகொண்டசோழபுரம் போன்ற தொல்லியல் துறைக் கோயில்களில் ட்ரைபாடு வைக்க முன் அனுமதி வேண்டும். ரயில் தண்டவாளத்தில் ஏறி நிற்பது குற்றம், கோணம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் வேண்டாம். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்கும் கோடியக்கரைக்கும் வனத்துறையிடம் கேட்க வேண்டும். தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் இருக்கிறது, ட்ரோன் எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்க்காமல் அந்தப் பக்கம் ட்ரோன் ஏற்றாதீர்கள்.

தரங்கம்பாடியை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் வேண்டாம். பத்து மணிக்குப் போய்விட்டுக் கோட்டை பழசாகிவிட்டது என்றால் எப்படி? காலை ஐந்தரைக்குப் போய்ப் பாருங்கள். 1620-இல் கட்டிய கோட்டை அது, அந்த நேரத்தில் மட்டும் இன்றைக்குக் கட்டியது போலச் சிவந்து நிற்கும்.

ரீல்ஸ் விஷயம். தனியார் வயல், வீடு எதற்கும் லொகேஷன் பின் போடாதீர்கள். தொழில் ரகசியத்துக்காகச் சொல்லவில்லை. நான் ஒரு முறை போட்டுவிட்டு, பத்து நாள் கழித்துப் போனபோது வரப்பு இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. வயல்காரர் என்னைத் திட்டவில்லை. தலையைத் திருப்பிக்கொண்டார், அதுதான் இன்னும் உறுத்துகிறது. பொது இடம் என்றால் போட்டுக்கொள்ளுங்கள், வரட்டும். அவர்கள் வரும்போது நாற்று வளர்ந்திருக்கும்.

இப்போது உங்கள் தை ஜோடி. பெண் நீடாமங்கலம் பக்கம் என்கிறீர்கள். மூணாறு தலைப்பு கையெட்டும் தூரம், வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகப் பிரிகிற இடம். பழைய மதகுகளும் கரை மரங்களும் இருக்கின்றன. கூட்டம் வருவதற்கு முன் காலையில் போங்கள், கரையோடு நில்லுங்கள். அதோடு பெண் வீட்டுக்குச் சொந்த வயல் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அறுவடை மிஷின் எந்தத் தேதிக்குச் சொல்லியிருக்கிறார்கள் என்பதுதான் உங்கள் முகூர்த்தம். அதற்கு இரண்டு நாள் முன்னால், சூரியன் எழும் ஆறரை மணிக்குப் பனி கதிர்மேல் படிந்திருக்கும்போது அங்கே இருக்க வேண்டும். அறுத்துவிட்டார்கள் என்றாலும் கவலையில்லை, வைக்கோல் கட்டுகள் வயலில் கிடக்கும், சாயங்கால வெயிலுக்கு அது போதும்.

மாப்பிள்ளை பக்கம் தென்னந்தோப்பு இருக்கும். 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயலில் விழுந்த மரங்களுக்குப் பதிலாக வைத்த கன்றுகள் அந்தப் பக்கத்துத் தோப்புகளில் நிறைய. மரம் உயரவில்லை, மட்டை தலைமட்டத்தில் விரிந்து நிற்கிறது. வளர்ந்த தோப்பில் வெறும் கம்பங்கள்தான் கிடைக்கும். இந்த இளந்தோப்பில் மட்டையே வளைவாக இருவரையும் மூடிக்கொள்ளும். அந்தக் கன்றுகளை யார் வைத்தது என்று மாப்பிள்ளையிடம் கேட்டுக்கொண்டே எடுங்கள். பேசும்போது அவர் கை தானாக மட்டையைப் பிடிக்கும், போஸ் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்காது.

இரண்டு இடத்தையும் ஒரே நாளில் அடைக்காதீர்கள். பனியில் வரப்பு வழுக்கும். பெண்ணுக்கு ஹீல்ஸ் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கால் கழுவ இரண்டு கேன் தண்ணீரும் ஒரு பழைய துண்டும் டிக்கியில் இருக்கட்டும்.